'ஆண்டவர் சொன்னார்' என்று சொல்லும் முன்



இந்தப் பதிவை எழுதுவதா, விடுவதா என்று இரண்டு கிழமைகளாக எண்ணிக்கொண்டிருந்தேன். எழுதாமல் விடுவது எளிது. ஆனால் முன்பு ஒருமுறை எளிதானதைத் தெரிவுசெய்து ஒரு தாய்க்குத் தீங்கு செய்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். கீழே வருவது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. அந்தத் தாய் என் பங்குமனையில் இருந்து சொன்னது. அவருடைய சம்மதத்துடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை விலக்கி எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் வாழும் அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. அவருடைய மகன் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னியில் காணாமலாக்கப்பட்டவர்களுள் ஒருவன். ஒரு பனிக்கால மாலையில் அவர் என்னைத் தேடி வந்தார். முதல் நாள் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்த செபக்கூட்டத்துக்கு அயலவர் ஒருவர் அழைத்துச் சென்றிருக்கிறார். வெளியூரிலிருந்து வந்திருந்த ஊழியர் ஒருவர் கூட்டத்தின் நடுவே அவரைச் சுட்டிக்காட்டி, அவருடைய மகன் உயிருடன் இருப்பதாகவும் மூன்று மாதங்களுக்குள் அவனுடைய குரலைத் தொலைபேசியில் கேட்பார் என்றும் ஆண்டவர் தமக்கு உரைத்ததாகச் சொல்லியிருக்கிறார். கூட்டம் கைதட்டி அல்லேலூயா பாடியிருக்கிறது.

"சுவாமி, ஆண்டவர் சொன்னால் அது நடக்கும்தானே?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார்.

"செபியுங்கோ அம்மா. ஆண்டவருக்கு எல்லாம் கூடும்" என்றேன்.

என் பதிலில் மறையியல் பிழை ஏதும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. அவருடைய முகத்தில் பல ஆண்டுகளாக நான் காணாத ஒளி ஒன்று இருந்தது. அதை அணைக்கும் துணிவு எனக்கு வரவில்லை. என் கோழைத்தனத்துக்கு இரக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டு அவரை வழியனுப்பிவைத்தேன்.

அடுத்த மூன்று மாதங்களும் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஞாயிறு திருப்பலிக்கும் வரவில்லை. கோயிலில் இருக்கும்போது மகன் அழைத்துவிட்டால் என்ன செய்வது? கைத்தொலைபேசியைத் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டு, ஒலியைக் கூட்டிவிட்டு, அரைத்தூக்கத்தில் கிடந்திருக்கிறார். இடையில் 'விதைக் காணிக்கை' கேட்கப்பட்டபோது கழுத்தில் கிடந்த சங்கிலியை விற்றுக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதங்கள் கடந்தன. அழைப்பு வரவில்லை. ஊழியரைத் தொடர்புகொண்டு கேட்டபோது வந்த பதில்: "உங்கள் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது."

மீண்டும் என்னிடம் வந்தபோது அவர் அழவில்லை. "நான் விசுவாசிக்காததாலைதான் பிள்ளை வரேல்லையோ, சுவாமி?" என்று மட்டும் கேட்டார். மகனை இழந்த வேதனையோடு, அவன் வராமல் போனதற்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்வும் இப்போது சேர்ந்துவிட்டது. பொய்யுரை அந்த மனிதருடையது, மௌனம் என்னுடையது. இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சுமையை அவர் தோளில் ஏற்றின.

அன்பார்ந்தவர்களே, இதில் புதிதாக எதுவும் இல்லை. எரேமியா இறைவாக்கினர் நூலின் 28ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 594 ஆண்டுகளுக்கு முன்பு, செதேக்கியா அரசனின் நாள்களில், எருசலேம் ஆலயத்தில் குருக்களும் மக்களும் கூடியிருந்தார்கள். நாட்டின் அரசனும் பல்லாயிரம் மக்களும் ஏற்கெனவே பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போயிருந்த காலம் அது. பிரிந்தவர்களை எண்ணி அழாத வீடு அந்த நகரில் இருந்திருக்குமா? அந்தக் கூட்டத்தின் நடுவே அனனியா என்றொரு இறைவாக்கினர் எழுந்தார். ஆண்டவர் பாபிலோனின் நுகத்தை முறித்துவிட்டார் என்றும், இரண்டே ஆண்டுகளில் ஆலயத்தின் கலங்களும் அரசனும் சிறைப்பட்ட மக்கள் அனைவரும் திரும்பிவிடுவார்கள் என்றும் ஆண்டவரின் பெயராலேயே அறிவித்தார்.

மக்கள் கேட்க ஏங்கியது அதைத்தான். எரேமியாவுக்கோ வேறொரு வாக்கு அருளப்பட்டிருந்தது. அவர் அனனியாவுக்கு என்ன மறுமொழி கூறினார்? முதற் சொல் 'ஆமென்'. ஆண்டவர் அவ்வாறே செய்வாராக, நீ சொன்னது நிறைவேறுவதாக என்றார். அதில் ஏளனம் இருந்ததாக நான் எண்ணவில்லை. அந்த மக்களின் கண்ணீர் அவருடைய கண்ணீரும்தான். அதன் பிறகே அவர் அந்த வாக்கைச் சோதித்தறியும் அளவுகோலை எடுத்து வைக்கிறார்: நலவாழ்வை முன்னுரைப்பவரை ஆண்டவர்தாம் அனுப்பினார் என்பது, அவர் சொன்னது நிறைவேறும்போதுதான் தெரியவரும்.

அனனியா எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தைப் பிடுங்கி எல்லார் முன்னும் முறித்துப் போட்டார். எரேமியா வாதாடவில்லை, தம் வழியே போய்விட்டார். தம் பங்குக்கு ஒரு வாக்கை அந்த இடத்திலேயே புனைந்து எதிர்ப்பாட்டுப் பாடவில்லை. ஆனால் ஆண்டவரின் வாக்கு வந்தபோது திரும்பி வந்தார். பொய்யை நம்பும்படி இந்த மக்களைச் செய்துவிட்டாய் என்று அனனியாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

ஏங்கும் இதயத்துக்கு 'ஆமென்' சொல்வதும், உறுதியளிக்க முடியாத வாக்குக்கு உறுதியளிக்க மறுப்பதும் ஒரே அன்பின் இரண்டு கடமைகள். "அம்மா, உங்கள் மகன் வரவேண்டும் என்று நானும் உங்களோடு மன்றாடுகிறேன். ஆனால் இந்த மனிதர் சொன்னது ஆண்டவரின் வாக்கு என்று நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை" என்று அன்று மாலையே நான் சொல்லியிருக்க வேண்டும். நான் 'ஆமென்' மட்டும் சொன்னேன். எரேமியா திரும்பி வந்தார்; நான் அந்த மூன்று மாதங்களில் அவர் வீட்டுக்கு ஒருமுறையும் போகவில்லை.

நம் மக்களிடையே இத்தகைய குரல்கள் ஏன் இவ்வளவு எளிதாக வேர்கொள்கின்றன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உண்மை மறுக்கப்படும் இடத்தில் பொய்யுரை செழிக்கும். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் தாய்மார்கள் வீதியோரத்தில் அமர்ந்து, தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர்களுள் பலர் விடை காணாமலே கண்மூடிவிட்டனர். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்றார் என்று கண்டவர்கள் கூறும் அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் அவர்களைப் பற்றியும் இன்றுவரை பதில் இல்லை. குருக்களாகிய நாங்களும் காத்திருப்பவர்களே. சொல்லக் கடமைப்பட்டவர்கள் வாய்திறக்காத நிலையில், சொல்ல உரிமையில்லாதவர்கள் ஆண்டவரின் பெயரால் வாய்திறக்கிறார்கள். அவர்களை நம்பும் தாயை அறிவற்றவர் என்று எவரும் இகழ வேண்டாம்.

"அப்படியானால் இறைவன் இன்று எவரோடும் பேசுவதில்லையா? ஆவியானவரைக் கட்டிப்போடப் பார்க்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

திருச்சபையின் போதனை தெளிவானது. இறைவன் தம்மைப் பற்றியும் நம் மீட்பைப் பற்றியும் சொல்ல வேண்டியதைத் தம் திருமகனில் முழுமையாகச் சொல்லிவிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கம் இதையே கற்பிக்கிறது. அதன் பிறகு ஒருவருக்கு அருளப்படும் காட்சியோ செய்தியோ 'தனி வெளிப்பாடு' எனப்படும். திருச்சபை ஏற்றுக்கொண்ட தனி வெளிப்பாடும் விசுவாசக் கருவூலத்தின் பகுதி ஆகாது. கிறிஸ்துவின் வார்த்தைக்கு அது எதையும் கூட்டாது. குறிப்பிட்ட ஒரு காலத்தில் அந்த வார்த்தையை இன்னும் முழுமையாக வாழ உதவலாம், அவ்வளவே. லூர்து, பாத்திமா காட்சிகளையும்கூட விசுவாசத்தின் கட்டாயமாகத் திருச்சபை எவர் மீதும் சுமத்துவதில்லை. புனித சிலுவை யோவான் இன்னும் கடுமையாக எச்சரிக்கிறார்: திருமகனையே தந்துவிட்ட இறைவனிடம் புதிய காட்சிகளையும் செய்திகளையும் நாடி நிற்பவர், கிறிஸ்து போதாது என்று சொல்பவருக்கு ஒப்பாவார்.

அதே வேளையில், இறைவன் பேச மாட்டார் என்று சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை. வேளாங்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு 16ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் மரபை நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தோம். மோர் விற்ற சிறுவனும், புயலில் தப்பிக் கரைசேர்ந்த போர்த்துக்கேய மாலுமிகளும் நம் பாட்டிமாரின் கதைகளில் வாழ்ந்தார்கள். 2024 ஓகஸ்ட் 1 அன்று, திருப்பீடத்தின் விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் தலைவர் கர்தினால் பெர்னாண்டஸ் தஞ்சை ஆயருக்கு எழுதிய மடலில், அந்தத் திருத்தலத்தில் காணப்படும் ஆன்மீகக் கனிகளைப் போற்றினார். கிறிஸ்தவரல்லாத எத்தனையோ பேரும் அங்கு ஆறுதல் பெறுவதையும் குறிப்பிட்டார். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கனி தரும் மரத்தைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல் அது. நம் காலத்து ஊழியர்கள் நான்கு நிமிடங்களில் உறுதியளித்துவிடுகிறார்கள்.

அதே ஆண்டு மே 17 அன்று வெளியான திருப்பீடத்தின் புதிய நெறிமுறைகளையும் உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1978ஆம் ஆண்டின் பழைய விதிகளுக்குப் பதிலாக வந்தவை அவை. ஒரு நிகழ்வு இயற்கைக்கு அப்பாற்பட்டதென்று திருச்சபை இனிப் பொதுவாக அறிவிக்காது; ஆறு வகையான முடிவுகளுள் ஒன்றையே வழங்கும். அவற்றுள் மிக உயர்ந்தது 'தடையேதுமில்லை' என்பது. ஆவியானவரின் செயல்பாட்டுக்கு அறிகுறிகள் தெரிகின்றன, இதில் ஈடுபடத் தடையில்லை என்பதே அதன் பொருள். மெட்ஜுகோரியாவில் 1981 முதல் நடப்பதாகச் சொல்லப்படும் காட்சிகள் பற்றி 2024 செப்டெம்பர் 19 அன்று வந்த அறிக்கையும் இந்த எல்லைக்குள்ளேயே நின்றது. 43 ஆண்டுகள் ஆராய்ந்த பிறகும் திருச்சபை சொன்னது அவ்வளவுதான். இயற்கைக்கு அப்பாற்பட்டதாகச் சொல்லப்படும் அனுபவங்களைக் காட்டி மனிதரை அடக்கியாள்வதும் அவர்களுக்குத் தீங்கிழைப்பதும் மிகப் பாரதூரமான ஒழுக்கக்கேடு என்றும் அந்த நெறிமுறைகள் கூறுகின்றன. அந்தத் தாயின் கழுத்துச் சங்கிலியை நினைத்துக்கொண்டு நான் அந்தப் பகுதியை வாசித்தேன்.

நம்மில் பலர் ஒவ்வொரு கோடையிலும் ரொறன்ரோவிலிருந்து வடக்கே மிட்லண்ட் மறைச்சாட்சியர் திருத்தலத்துக்குச் செல்கிறோம். சோற்றுப் பொதிகளோடும் செபமாலையோடும் பேருந்துகளில் போய் இறங்கும் நாம், அங்கு வணங்கப்படுபவர்கள் எந்தப் பள்ளியில் பயின்றவர்கள் என்பதை எண்ணுவதில்லை. 1649 மார்ச் 16 அன்று கொல்லப்பட்ட புனித ஜோன் டி பிரெபொவ் ஓர் இயேசுசபைக் குரு. 1640ஆம் ஆண்டில் அவர் ஒரு காட்சி கண்டார்: பெரியதொரு சிலுவை அவர்களை நோக்கி வந்தது. எவ்வளவு பெரியது என்று தோழர்கள் கேட்டபோது, நம் எல்லோரையும் அறைவதற்குப் போதுமானது என்று சொன்னாராம். அந்தக் காட்சி அவருக்கு எந்த வசதியையும் வாக்களிக்கவில்லை. அதை வைத்து அவர் காணிக்கை திரட்டவில்லை. தம் பணியைத் தொடர்ந்தார். ஒன்பது ஆண்டுகளின் பின் தம் உயிரைத் தந்தார்.

அவருடைய ஆன்மீகத் தந்தை புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521 மே 20 அன்று பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது, தம் உள்ளத்தில் ஓடிய எண்ணங்களை அவர் கவனிக்கத் தொடங்கினார். போர்வீரனின் புகழைப் பற்றிய கனவுகள் இனித்தன. புனிதர்களைப் பின்பற்றும் எண்ணங்களும் இனித்தன. ஆனால் முதல் வகை கலைந்தபின் உள்ளம் வறண்டு கிடந்தது. இரண்டாம் வகை கலைந்தபின்னும் அமைதி நிலைத்திருந்தது. கேட்கும்போது வரும் இனிமையன்று, கேட்டபின் தங்கும் சுவையே அடையாளம் என்று அவர் கண்டுகொண்டார்.

அவர் பிறகு மன்ரேசாவில் கண்டது இன்னும் முக்கியமானது. பாம்பு போன்ற ஓர் உருவம், கண்களைப் போல் மின்னும் பலவற்றோடு அவருக்கு அடிக்கடி தோன்றியது. அது பேரழகாக இருந்தது, அதைக் காணும்தோறும் அவருக்கு ஆறுதல் பெருகியது, மறைந்தபோது வருந்தினார். பின்னர் ஒரு சிலுவையின் முன் மண்டியிட்டிருந்தபோது, அது தீயோனிடமிருந்து வந்தது என்று தெளிந்தார். "கேட்டவுடன் மனசுக்கு ஆறுதலாக இருந்தது சுவாமி, அதனால் ஆண்டவர்தான் பேசியிருப்பார்" என்று என்னிடம் சொல்பவர்களுக்கு இதையே நினைவூட்டுகிறேன். புனிதர் ஒருவரும் ஆறுதலால் ஏமாந்திருக்கிறார். உள்ளம் இருண்டு கிடக்கும் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்று அவர் எழுதிவைத்த விதி, துயரத்தில் இருக்கும் நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் உரியது.

சோதித்தறியாமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று உண்டு. கியூபெக்கில் 'மரியாவின் சேனை' என்ற இயக்கம் செபமாலைப் பக்தியோடும் திருத்தந்தைமீது பற்றோடும் தொடங்கியது. 1975இல் கியூபெக் பேராயரே அதைப் பக்திச் சங்கமாக ஏற்றுக்கொண்டார். ஆனால் அதைத் தொடங்கிய மாரி-போல் ஜிகேர் என்ற பெண்மணி பெற்றதாகச் சொன்ன செய்திகள் மெல்ல மெல்ல அவரையே மையமாக்கின. 1987இல் பேராயர் தம் ஏற்பை விலக்கிக்கொண்டார். அவர்கள் கேட்கவில்லை. 2007இல் திருச்சபையோடு அவர்கள் உறவற்றுப்போனதைத் திருப்பீடம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அவர்களுள் பலர் நல்ல மனிதர்கள்; கையில் செபமாலையோடு வழிதவறியவர்கள்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆயர்களும் குருக்களும் தவறியதுண்டு. 1431இல் ஆயர் ஒருவர் தலைமையில் நடந்த விசாரணையின் பின் ஜோன் ஆஃப் ஆர்க் எரிக்கப்பட்டார். 1456இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றாயிற்று. 1920இல் அவர் புனிதரானார். நாம் இன்று பிற்பகல் மூன்று மணிக்குச் செபிக்கும் இறை இரக்கப் பக்தி, புனித பவுஸ்தினா எழுதிவைத்த வடிவில் 1959இல் தடைசெய்யப்பட்டது. 1978இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஆனால் பவுஸ்தினா தம் வாழ்நாளில் ஒப்புரவுக் குருவின் வழிகாட்டுதலை உதறியவர் அல்லர். தடை வந்தபோது அந்தப் பக்தியை நேசித்தவர்கள் பலர் கீழ்ப்படிந்து காத்திருந்தார்கள். இறைவனிடமிருந்து வந்த வார்த்தைக்குக் காத்திருக்கும் ஆற்றல் உண்டு. உடனே நம்பு, இப்போதே கொடு, இன்றே பகிர் என்று அவசரப்படுத்தும் குரலுக்கு அந்த ஆற்றல் இல்லை.

திருத்தூதர் பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டு கட்டளைகளை அடுத்தடுத்து வைக்கிறார். ஆவியானவரின் தீயை அணைக்கக் கூடாது; இறைவாக்கை இகழக் கூடாது. அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ள வேண்டும். முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்பவர் ஏமாறுவார்; இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்பவர் வறண்டுபோவார். சோதிப்பது விசுவாசக் குறைவு அன்று. அது திருத்தூதரின் கட்டளை.

எப்படிச் சோதிப்பது? நாற்பதாண்டுகளை நெருங்கும் குருத்துவ வாழ்வில் எனக்கு உதவிய ஐந்து கேள்விகளைத் தருகிறேன்.

முதலாவது: இந்தச் செய்தி, நற்செய்தியில் நாம் அறிந்த கிறிஸ்துவோடு ஒத்துப்போகிறதா? ஒரு தாயின் விசுவாசத்தை அளந்து, அது போதவில்லை என்று மகனைத் தடுத்துவைக்கும் கடவுளை நற்செய்தியில் நான் எங்கும் கண்டதில்லை. 'நம்பிக்கையின்மை நீங்க உதவும்' என்ற பொருளில் கதறிய தந்தையின் மகனை இயேசு குணமாக்கினார். அந்தத் தந்தையிடம் நிறைவான விசுவாசத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.

இரண்டாவது: இது சோதிக்க இடங்கொடுக்கிறதா? 'குருவிடம் சொல்லாதே', 'ஐயப்பட்டால் பலிக்காது', 'பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீமை வரும்' என்னும் சொற்கள் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளிச்சத்துக்கு அஞ்சுவது வெளிச்சத்திலிருந்து வந்ததன்று.

மூன்றாவது: இதனால் வளர்பவர் யார்? பணமும் புகழும் ஆட்களின் எண்ணிக்கையும் எந்தப் பக்கம் சேர்கின்றன என்று பாருங்கள்.

நான்காவது: பாடலும் ஒலிபெருக்கியும் ஓய்ந்து, வீட்டுக்கு வந்து தனியே இருக்கும்போது உங்களுக்குள் தங்கியிருப்பது என்ன? அமைதியா, பதற்றமா? மற்றவர்மீது அன்பு கூடியிருக்கிறதா, அல்லது நான் மட்டும் தெரிந்துகொள்ளப்பட்டவன் என்ற செருக்கா?

ஐந்தாவது: சொன்னது நடக்காதபோது பழி யார்மீது விழுகிறது? உண்மையான இறைஊழியன், "நான் தவறாகக் கேட்டிருக்கலாம், என்னை மன்னியுங்கள்" என்று சொல்லுவான். பழியைக் கேட்டவரின் தலையில் கட்டுபவனை விட்டு விலகுங்கள்.

இந்தக் கேள்விகள் மண்டபத்து ஊழியர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. பீடத்தில் நின்றுகொண்டு என் சொந்தத் திட்டத்தை 'இறைசித்தம்' என்று நான் அறிவிக்கும்போது எனக்கும் உரியவை. 'இந்த மாப்பிள்ளையைத்தான் ஆண்டவர் எனக்குக் காட்டினார்' என்று மகளை வற்புறுத்தும் பெற்றோருக்கும் உரியவை. 'நான் விரும்புகிறேன்' என்று சொன்னால் பிள்ளை மறுத்துப் பேசலாம். 'ஆண்டவர் சொன்னார்' என்று சொன்னால் அவள் யாரிடம் முறையிடுவாள்? அவருடைய பெயரை வீணாகப் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டளையை நாம் கெட்ட வார்த்தைகளோடு மட்டும் தொடர்புபடுத்திவிட்டோம். நம் விருப்பத்துக்கு அவருடைய கையொப்பத்தை இடுவதே அந்தக் கட்டளையை மீறும் மிகப் பெரிய வழி என்று நான் அஞ்சுகிறேன்.

பின் இறைவன் நம்மோடு எவ்வாறு பேசுகிறார்? மீண்டும் எரேமியாவிடம் செல்வோம். அனனியாவின் கதைக்கு அடுத்த அதிகாரத்தில், பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு அவர் எழுதிய மடல் உள்ளது. இரண்டு ஆண்டுகள் என்ற இனிப்பு அதில் இல்லை. எழுபது ஆண்டுகள் என்ற கசப்பு இருக்கிறது. வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டமிட்டு அதன் பலனை உண்ணவும், பிள்ளைகளுக்கு மணம்முடித்து வைக்கவும், அவர்கள் வாழும் நகரின் நலனுக்காக மன்றாடவும் அந்த மடல் சொல்கிறது. உங்கள் நடுவே உள்ள பொய் இறைவாக்கினரின் பேச்சில் ஏமாறாதீர்கள், அவர்களுடைய கனவுகளை நம்பாதீர்கள் என்றும் சேர்த்தே எச்சரிக்கிறது. அங்கே எபிரேய மூலத்தை, 'நீங்கள் காணச்செய்யும் கனவுகள்' என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. கேட்பவர்களின் ஏக்கமே கனவு காண்பவனுக்குக் கனவைக் கொடுக்கிறது.

புலம்பெயர்ந்து பனி தள்ளும் நாட்டில் வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான இறைசெய்தி வேறு வேண்டுமா? அது மண்டபத்தில் இடிமுழக்கமாக வரவில்லை; கடிதமாக வந்தது. வாசிக்கவும், ஆராயவும், சேர்ந்து சிந்திக்கவும், மறுநாள் திரும்ப வாசிக்கவும் கூடிய வடிவில் வந்தது. இறைவன் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகிறார்: திருவிவிலியத்தில், திருப்பலியில், அமைதியில் கேட்கும் மனச்சான்றில், நம்மைப் புகழாமல் திருத்தும் நண்பரின் சொல்லில், கதவைத் தட்டும் ஏழையின் முகத்தில். அவற்றைக் கேட்கப் பழகிய காதுக்குத்தான், என்றாவது ஒருநாள் அசாதாரணமாக ஒரு குரல் வந்தால் அது அவருடையதா என்று தெரியும்.

அந்தத் தாய் இப்போது மீண்டும் திருப்பலிக்கு வருகிறார். தொலைபேசியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார். அவருடைய மகனுக்கு என்ன நேர்ந்தது என்று இன்றும் எவரும் சொல்லவில்லை, நானும் அறியேன். கடந்த மே மாதத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்கை எண்டு எனக்குத் தெரியாது சுவாமி. ஆண்டவருக்குத் தெரியும். அவ்வளவும் போதும் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லிப் பழகிறன்." போதும் என்று அவர் சொல்லவில்லை, சொல்லிப் பழகுவதாகவே சொன்னார். எந்தத் தீர்க்கதரிசியிடமும் நான் கேளாத உண்மை அதில் இருந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். எவராவது உங்களுக்கு 'ஆண்டவர் சொன்னார்' என்று ஒரு செய்தி தந்தால், அது உங்கள் உள்ளம் நெடுநாளாகக் கேட்க ஏங்கியதாக இருந்தால், அன்றே நம்பிவிடாதீர்கள். அன்றே தள்ளியும் விடாதீர்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னிடமோ, நீங்கள் நம்பும் வேறு குருவிடமோ, செபவாழ்வு உள்ள ஒரு மூத்தவரிடமோ வாருங்கள். சிறுவன் சாமுவேல் தன்னை அழைத்தது யார் என்று அறியாமல் மூன்று முறை ஏலியிடம்தான் ஓடினான். கண்பார்வை மங்கிய, தன் பிள்ளைகளை வளர்ப்பதில் தவறிய அந்தக் கிழவர்தான் அது ஆண்டவரின் குரல் என்று அவனுக்குச் சொன்னார். நானும் கண் மங்கியவனே. ஆனாலும் வாருங்கள்.

உங்கள் ஏக்கத்துக்கு 'ஆமென்' சொல்வேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். பொய் என்று தோன்றுவதைப் பொய் என்று சொல்வேன். இம்முறை மௌனமாக இருக்க மாட்டேன்.

செபத்தில் உங்களோடு,
உங்கள் பங்குத்தந்தை